அக்கா, சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது

அக்கா,

உன் சங்கிலியை அடகிலிருந்து திருப்பிவிட்டேன். இதை எழுதும்போது அது நம் வீட்டு அரிசி டின்னுக்குள், ஒரு பால் கவரில் சுற்றி இருக்கிறது. எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். 48 கிராம் 200 மில்லி. வைத்த அன்று இருந்த அதே எடை.

நேரில் வந்து கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நீ "சரி விடுடா, சாப்பிட்டியா" என்பாய். எட்டு வருஷமாக நம் பேச்சு அந்த இடத்தில்தான் முடிகிறது. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் எடுத்ததில்லை, நீயும் எடுக்கவிட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். பாப்பா படித்துக் காட்டுவாள். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அக்கா நகையைத் தின்றவன் என்று பந்தியில் என் காதுபடவே பேசினார்கள் அல்லவா, அவர்களுக்கும் இது தெரியட்டும். உன் மாமியார் வரைக்கும் போன கதையை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அது உன் வீட்டு விஷயம்.

2016 சம்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உன் பக்கமும் அதே கருகல்தான். அதை அடுத்த 2017 ஜனவரியில் நீ வந்து நின்ற நாளைத்தான் சொல்ல வேண்டும். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் கூடத் தொடங்கிய வாரம். தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்து ஏழெட்டு நாள் ஆகியிருந்தது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. அம்மாதான் யார் போனிலிருந்தோ பேசியிருக்கிறாள். நீ திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி, பத்து மணி வெயிலில் ரோட்டிலிருந்து நடந்தே வந்தாய். தண்ணீர்கூடக் குடிக்காமல் கொல்லைப்புறம் போய்ப் பூவரசு மரத்தடியில் உட்கார்ந்தாய்.

"கடையில் மஞ்சக் கயிறு வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்றாள் அம்மா. "பத்து ரூபா கொடுத்தா? வீட்ல நூல் இல்லையா?" என்றாய். நூலை மூன்றாக மடித்துத் தொடையில் வைத்துத் திரித்தாய். மஞ்சளைக் கல்லில் இழைத்து, கயிறு முழுக்கத் தடவினாய். இரண்டு கயிறு. ஒன்றில் மஞ்சள் துண்டை முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகுதான் சங்கிலியைக் கழற்றினாய். தாலியையும் குண்டையும் ஒவ்வொன்றாக உருவி மற்றக் கயிற்றில் கோத்தாய். அம்மா மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்து வெயில் அந்த ஒரு கோட்டில் மட்டும் பட்டிருக்கவில்லை.

கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அதில் சங்கிலியைப் போட்டு என்னிடம் நீட்டினாய். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்போதும் இல்லை, வாசலில் செருப்பை மாட்டும்போதும் இல்லை. இந்த எட்டு வருஷத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்த நேரத்தைத்தான்.

கூட்டுறவில் 85,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். நோட்டுத் தட்டுப்பாட்டில் அன்று கையில் கிடைத்தது 20,000. உரக்கடைப் பாக்கியை அடைத்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் உன்னைக் காணோம். வயலில் இருந்தாய். கருகிய பயிரை அரிவாளால் அறுத்து அறுத்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாய். "நெல்லுதான் இல்ல, மாட்டுக்காவது ஆகட்டும்" என்றாய். கழுத்துக் கயிற்று மஞ்சள் வேர்வையில் இறங்கி ரவிக்கை ஓரமெல்லாம் ஏறியிருந்தது. நானும் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் குனிந்தேன். இருட்டும் வரை நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பின்னால் அந்த நிலத்துக்கு வந்த நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நம் மூணு மா நிலமும் சேர்ந்தால்தான் அந்த ஓர் ஏக்கர்.

சிக்கனம் என்றால் எனக்கு உன் கைதான் ஞாபகத்துக்கு வரும். ரேஷன் பாமாயில் பாக்கெட்டை வெட்டி விரித்து, உள்பக்கம் ஒட்டிய எண்ணெயைச் சப்பாத்தி மாவால் துடைத்து எடுப்பாய். புளியை இரண்டு தடவை கரைப்பாய். முதல் கரைசல் குழம்புக்கு, இரண்டாவது மறுநாள் ரசத்துக்கு. சிலிண்டரைத் தைக்கும் ஆடிக்கும் வைத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் கருவை முள்ளை வெட்டி எரிப்பாய். சம்பா அறுவடைக்கு முன்னால் வயலில் தெளித்த உளுந்தை விற்காமல் மண் பூசி மூட்டை கட்டி வைத்து, ஆடி வரை பருப்புச் செலவே இல்லாமல் ஓட்டுவாய். இதெல்லாம் இப்போது என் வீட்டுக்கும் வந்துவிட்டது. கரையில் பொன்னாங்கண்ணி பறிக்காமல் என் வீட்டுக்காரி வயலிலிருந்து திரும்புவதில்லை. மன்னார்குடிக்குப் போனால் பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ் வரும் வரை நிற்பாள், ஒரு மணி நேரமானாலும். கடையில் டீ குடிப்பதை நான் விட்டு மூன்று வருஷமாகிறது. அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. டீக்கடைக்குப் போகாதவனுக்கு ஊரில் யார் வயலில் என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் சிக்கனம் உன் வீட்டோடு நின்றிருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் சின்னவனுக்கு வாங்கிய சைக்கிளுக்கு நீ கணக்குக் கேட்டாய். "இது இப்ப தேவையா" என்று அவன் முன்னாலேயே கேட்டாய். அவன் அந்தச் சைக்கிளை ஒரு வாரம் தொடவில்லை. 2019இல் பாப்பா சடங்கில் நான் தாய்மாமன் சீர் என்று கொண்டுவந்தது ஏழு தட்டு. ஏழு தட்டுக்கே நான் யாரிடம் கைநீட்டினேன் என்பது உனக்குத் தெரியாது. நீ சிதம்பரம் கவரிங் போட்டுக்கொண்டு நின்றாய். யாரோ ஒரு பெரியம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து "பழைய சங்கிலி எங்கேடி" என்றதும், பந்தலே கேட்கிற மாதிரி "தம்பிகிட்டதான் இருக்கு" என்றாய். மெதுவாகச் சொல்லியிருக்கலாம் அக்கா. அன்று ராத்திரி பஸ்ஸில் என் வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

கோபத்தைச் சொல்லிவிட்டேன் என்பதால் அதற்கு முந்தைய நவம்பரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் உன் ஊரில் கரையேறியது. ஓடு மொத்தமும் போய், பதினாலு தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள்தான் என்னால் வந்து சேர முடிந்தது. வழியெல்லாம் மரம். நீ தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாய். அன்று அந்தச் சங்கிலி உன்னிடம் இருந்திருந்தால், அடகு வைத்தாவது கூரை போட்டிருப்பாய். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கேட்கவில்லை. நான் பத்து கிலோ அரிசியும் மெழுகுவர்த்தியும் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது தண்டனையாக இருந்தது.

இப்போது ஆறாவது பவுனுக்கு வருகிறேன். இதை நான் யாரிடமும் பேசியதில்லை.

2005இல் உன் கல்யாணத்துக்கு அப்பா ஒத்துக்கொண்டது ஐந்து பவுன் சங்கிலி. தேதி குறித்த பிறகு ஆறாகக் கேட்டார்கள். யார் கேட்டது என்பதற்குள் போக மாட்டேன், அத்தான் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். பவுன் அப்போது 5,000 ரூபாய் சுற்றி. அப்பா பெட்டியிலிருந்து எடுத்தது நான் பாலிடெக்னிக்கில் சேர வைத்திருந்த பணம். எனக்குச் சீட்டு கிடைத்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார். அடுத்த வருஷம் நான் நாற்றங்காலில் நின்றேன். உனக்கு இது தெரியுமா தெரியாதா என்று இருபது வருஷமாக உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

2021இல் கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தார்களே, 40 கிராம் வரைக்கும். அதற்கு மேல் வைத்தவர்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் நாலு பவுன் வளையல் ஒரு பைசா கட்டாமல் திரும்பி வந்தது. நம்முடையது 48 கிராம். பட்டியலில் பேர் இல்லை என்று தெரிந்த அன்று வயலுக்குப் போய் மடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். என் படிப்பைக் கொண்டுபோன அதே பவுன் தள்ளுபடியையும் கொண்டுபோய்விட்டது. உன் தப்பு இல்லை, தெரியும். தெரிந்தும் அன்று உன்னை மனதுக்குள் திட்டினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்தப் பணம் எனக்குச் சேர வேண்டியதுதான். அதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

2020 ஜூலையில் அதே சங்கிலியின் மேல் இன்னும் 70,000 வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. பவுன் 37,000ஐத் தாண்டியிருந்தது. மாற்றிவைக்கப் போனபோது, வேண்டுமானால் கூடுதலாகத் தரலாம் என்றார்கள். வேண்டியிருந்தது. அம்மா இடுப்பெலும்பு உடைந்து தஞ்சாவூரில் படுத்திருந்தாள். ஊரடங்கு, பஸ் இல்லை, கார் வாடகை, மருந்து. 40,000 அங்கே போயிற்று. எட்டு வருஷம் கழித்து அந்த ஆண்டுதான் ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் வந்தும் குறுவையை விட்டால் அப்புறம் நான் எதற்கு என்று மீதி 30,000ஐ நடவில் போட்டேன். நீ அனுப்பிய பத்தாயிரம் போக மற்றதெல்லாம் நான் கையிலிருந்து போட்டதாக நீ நினைத்தாய். நான் தலையாட்டினேன். அம்மா காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் "கடைசி வரைக்கும் என் தம்பிதான் பாத்துக்கிட்டான்" என்று அழுதாயே, அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொண்டது உன் சங்கிலி. நான் தஞ்சாவூருக்கும் ஊருக்கும் அலைந்தேன், அவ்வளவுதான்.

அப்போது உன்னிடம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. இன்னொரு தடவை அந்தப் பூவரசு மரத்தடியில் நிற்க என்னால் முடியவில்லை.

வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாற்றி மாற்றி வைத்தேன். வட்டி மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். இந்த 2025 மே மாதம் அது நடக்கவில்லை. முதலையும் சேர்த்து முழுசாகக் கட்டுங்கள், மறுநாள் வந்து திரும்ப வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊரில் பாதிப் பேர் ஒரு நாள் கைமாற்றுக்கு அலைந்தார்கள். நானும் தெரிந்த நெல் வியாபாரியிடம் 1,70,000 வாங்கினேன், நாளுக்கு 1,000 ரூபாய் என்று பேச்சு. கட்டினேன். சங்கிலி கைக்கு வந்தது. காலையில் பத்து மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியில் ஏதோ அழுக்கு. நகத்தால் கீறினால் மஞ்சள். நீ குளிக்கும்போது பூசியது, எட்டு வருஷம் இரும்புப் பெட்டிக்குள் காய்ந்து கறுத்துப்போயிருக்கிறது. அதை என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மாட்டை வித்துடலாம்" என்றாள். அவள்தான் முதலில் சொன்னாள். இது உனக்குத் தெரிய வேண்டும்.

கறவை இரண்டும் 83,000. சீட்டைத் தள்ளி எடுத்ததில் 50,000. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 வரும் அவளுடைய உரிமைத்தொகையை ஒரு மாதமும் தொடாமல் வைத்திருந்தாள், 21,000. மூணு மாவையும் இரண்டு வருஷக் குத்தகைக்கு விட்டு 28,000 முன்பணம் வாங்கினேன். பதினோராம் நாள் வியாபாரிக்கு வட்டியோடு அடைத்தேன். மிச்சம் 1,000 ரூபாய்.

மேட்டூரை இந்த வருஷமும் ஜூன் 12க்கே திறந்துவிட்டார்கள். தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வரும்போது நம் வயலில் வேறொருவர் இறங்குவார். நான் திருப்பூர் போகிறேன். குத்தகைக்கு விட்டதை நீ வேறு யார் வாயிலாவது கேட்டுவிட்டு அழாதே, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சங்கிலியில் இருக்கும் மஞ்சளை நான் துடைக்கவில்லை. உன் கணக்கு நோட்டை எடுத்து வை. 85,000 அதில் இருக்கும், அந்த 70,000 இருக்காது. அதை உன் கையால் எழுது. ஆறாவது பவுனையும் எழுதுவதா வேண்டாமா என்பதை நீயே சொல். ஆனால் இந்தத் தடவை "சரி விடுடா" என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா.

தம்பி