கோட்டையோடு நின்றுவிடும் பஸ்

ஆசிரியருக்கு,

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் சுற்றுலாத் தலங்கள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். பத்துகாஜா அருகிலுள்ள கெல்லிஸ் கோட்டைக்கு அரைப் பக்கம். அங்கிருந்து தொலைவில் இல்லாத மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வரிகூட இல்லை. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்துக்காக அந்தக் கோட்டை மாளிகையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் பலர் ஸ்பானிஷ் காய்ச்சலில் மாண்டபோது, எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் கட்டித்தந்த கோயில் அது. நன்றிக்கடனாக அவர் உருவத்தையும் சாமி சிலைகளின் வரிசையில் மேலே நிறுத்தியிருக்கிறார்கள். 1926இல் ஸ்மித் இறந்ததும் கோட்டை அரைகுறையாக நின்றுபோனது. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. இரண்டில் எது உயிருள்ள வரலாறு?

சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் ஒரு சுற்றுலா பஸ்ஸில் போயிருந்தேன். வழிகாட்டி முக்கால் மணி நேரம் பேய்க்கதை சொன்னார். கோயிலைப் பற்றிக் கேட்டதற்கு, "அது நம் பட்டியலில் இல்லை" என்றார். அடுத்து தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பலை, அதாவது வாளிகளால் மண்ணைத் தோண்டி வெள்ளீயம் எடுத்த மிதக்கும் இயந்திரத்தை, பார்த்தோம். 4,500 டன் இரும்பு. துருவேறிய வாளி ஒன்றைத் தொட்டுப் பார்த்த என் பேத்தி, "இதில் யார் வேலை செய்தார்கள், தாத்தா?" என்று கேட்டாள். பிள்ளைகளின் கேள்வி எப்போதும் சரியான இடத்தில்தான் விழுகிறது. ஈயக் கப்பல், கோட்டை, கோயில் மூன்றையும் ஒரே பயணத்தில் இணைத்து, அங்கே உழைத்தவர்களின் கதையைத் தமிழ், சீனம், மலாய் மூன்றிலும் எழுதிப் பலகை வைக்க மாநிலச் சுற்றுலாத் துறை முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், ஈப்போ