தொடக்கச் சம்பளத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி முடித்து, மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கைக்கு வருவது மாதம் 16,000 ரூபாய். வாங்கிய கல்விக் கடன் 4 லட்சம். படிக்கும்போதும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது சரி. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அசலை மட்டும் 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் அடைக்கவே மாதம் 8,500 ரூபாய் வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த வட்டி தனி. பெரம்பூரிலிருந்து போய்வரும் செலவு, சாப்பாடு போக அப்புறம் என்ன மிஞ்சும்?

வேலையில் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மெஷினோடு நான்கு மணி நேரம் படுத்திருக்கும் நோயாளிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். என் மகள் அவர்மேலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது. அந்தப் பொறுப்புக்கு இந்தச் சம்பளம் நியாயமே இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய படிப்புகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அங்கே இடங்களைக் கூட்டுங்கள். தனியார் கல்லூரிகள், முந்தைய ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்பதைக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். பிளஸ் 2 முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் அதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
பெரம்பூர், சென்னை.