'பால் காணாது' என்று முடிவு கட்டுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்த பிறகும் பெரும்பாலும் தாய் வீட்டிலோ, தாயின் வளவுக்குள் கட்டிய வீட்டிலோதான் இருக்கிறாள். ஆகவே பிள்ளை பெற்ற வீட்டில் கடைசித் தீர்ப்புச் சொல்பவர் அம்மம்மா. டொக்டரும் மிட்வைஃபும் சொன்னதற்கு மேலே அவர் ஒரு சொல் சொன்னால் அதுதான் நடக்கும். இந்தக் கடிதத்தை அவருக்காகவே எழுதுகிறோம். மகள்மார் வாசித்துக் காட்டட்டும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் மூன்று நாளுக்குள் வந்துவிடும்: "இவளுக்குப் பால் காணாது." விடியுமுன்னே பால்மா ரின்னும் சூப்பிப் போத்தலும் வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாளும் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, தடிப்பாக, துளித்துளியாகத்தான் வரும். முதல் 24 மணித்தியாலத்தில் பிள்ளை ஒரு தடவைக்கு எடுப்பது 2 முதல் 10 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் என்றால் கணக்கைப் பாருங்கள். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நாலாம் நாள் 30 முதல் 60 என்று பிள்ளையின் வயிறும் தாயின் சுரப்பும் சேர்ந்தே கூடும். மார்பு நிறைந்து கனக்கத் தொடங்குவது இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில். முதற்பிள்ளை, சத்திரசிகிச்சைப் பிரசவம், நீரிழிவு, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு என்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். பிந்துவது வேறு, இல்லாமற்போவது வேறு.

இரண்டாம் இரவு பல பிள்ளைகள் விடிய விடிய அழும்; மார்பில் விட்டால் சூப்பும், இறக்கினால் மீண்டும் அழும். பிறகும் சில வாரங்களுக்குப் பொழுதுபடும் நேரத்தில் மணிக்கு இரண்டு தடவைகூடக் கேட்கும். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பாலூட்டுவது இயல்பு. அடிக்கடி கேட்பது பால் இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை. பாலைக் கூட்டச் சொல்லிப் பிள்ளை போடும் கட்டளை அது. எங்கள் மணல் தரையில் கிணறு வைத்திருக்கும் வீட்டாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறைத்த கிணறுதான் ஊறும். பால் மார்பில் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கும்படி உடம்புக்கு அறிவிப்புப் போகும். இரவில் பால் சுரக்கச் செய்யும் ஓமோன் கூடுதலாக வருவதால், "இரவைக்கு மட்டும் ஒரு போத்தல்" என்பதுதான் எல்லாவற்றிலும் கூடிய நட்டம். அந்தப் போத்தல் 60 மில்லிலீற்றரைக் குடித்த பிள்ளை மூன்று நாலு மணித்தியாலம் தூங்கும். கிணறு இறைபடாமல் கிடக்கும். அடுத்த நாள் உண்மையாகவே பால் குறையும். அம்மம்மா சொன்னது பலித்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள்.

இனி, பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதம். பால் காணாமை, காம்பு வெடிப்பு, பால் கட்டுதல், பிள்ளையின் நிறை கூடாமை ஆகிய நாலுக்கும் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

தாய் முதலில் சாய்ந்து வசதியாக இருக்கவேண்டும். பாயில் இருந்தால் சுவரோடு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை. பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரு நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். மல்லாந்து கிடக்கும் பிள்ளை தலையை மட்டும் திருப்பிக் குடிக்கக்கூடாது. நாங்கள் தோளுக்கு மேலால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் கஷ்டம் விளங்கும். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே இருக்கவேண்டும். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அமத்தினால் பிள்ளை பின்னுக்குத் திமிறும். கழுத்தடியையும் தோளையும் தாங்கினால் போதும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தொட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறந்த அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளையின் நாடி (தாடை நுனி) மார்பில் முதலில் படவேண்டும்.

சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் உருண்டிருக்கும், உள்ளே குழி விழாது. முதலில் விரைவாகச் சூப்பி, பிறகு ஆறுதலாக, தாடை இறங்கி ஒரு கணம் நின்று விழுங்கும். 'டப் டப்' என்று வாய் ஒலி கேட்டால் பிடி தவறு. பீடி பிடிப்பதுபோல இரண்டு விரலுக்கிடையில் காம்பைப் பிடித்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் பரவலாக உண்டு. அந்த விரல்கள்தான் கருவட்டம் வாய்க்குள் போகாமல் மறிக்கின்றன. விரல்கள் கருவட்டத்துக்கு நன்கு பின்னால், பெருவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக இருக்கட்டும். வயிற்றில் வெட்டுக்காயம் உள்ள தாய் ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையைக் கமக்கட்டுக்குக் கீழே அணைத்து அதன் கால்களைத் தன் முதுகுப்பக்கம் விட்டோ கொடுத்தால் காயத்தில் பாரம் விழாது.

பிள்ளை விட்ட பிறகு காம்பைப் பாருங்கள். உருண்டையாக வெளிவந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சரிந்து தட்டையாக வந்தால், காம்பு மட்டும் வாய்க்குள் நசிபட்டிருக்கிறது. வெடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. பிடிக்கும்போது முதல் சில விநாடி நோவது இயல்பு. அதற்கு மேலும் நொந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டாம். சின்னிவிரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டுக் காற்றுப்பிடியை விடுவித்து மறுபடி பிடிக்கக் கொடுங்கள். இழுத்து எடுத்தால் காயம் பெருக்கும். வெடித்த காம்புக்குச் சவர்க்காரம் கூடாது. பால் கொடுத்து முடிந்ததும் இரண்டு துளி பாலையே தடவிக் காயவிடுங்கள். பிடியைத் திருத்தாமல் எந்தக் களிம்பு பூசினாலும் அடுத்த வேளை மறுபடி வெடிக்கும்.

காம்பு உள்ளே அமிழ்ந்த தாய்மாருக்குச் செலவில்லாத ஒரு வழி. 10 அல்லது 20 மில்லிலீற்றர் புதுச் சிரிஞ்ச் ஒன்றின் ஊசி பொருத்தும் முனையை வெட்டி எடுத்துவிட்டு, தண்டை வெளியே எடுத்து, வெட்டிய பக்கத்தால் உள்ளே விடவேண்டும். வழுவழுப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்துத் தண்டை மெல்ல இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் காம்பு வெளியே வரும். உடனே பிள்ளையை விடுங்கள். வெட்டிய கூர்ப்பக்கம் மார்பில் படவே கூடாது. நோகுமளவுக்கு இழுக்கவும் வேண்டாம். முதல் தடவை மிட்வைஃப் பார்த்திருக்கச் செய்வது நல்லது.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை பால் கட்டும். மார்பு கல்லுப்போலாகும், கருவட்டமும் இறுகும், இறுகிய இடத்தைப் பிள்ளையால் பிடிக்க முடியாது. பிள்ளை அழும். பால் பொங்கிக் கிடக்கும் இந்த நேரத்திலும் சில வீடுகளில் "காணாது" என்றுதான் சொல்கிறார்கள்! காம்பின் அடியைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து நெஞ்சுப்பக்கம் நேராக ஒரு நிமிடம் அமத்திப் பிடித்தால் வீக்கம் பின்வாங்கிக் கருவட்டம் இளகும். அல்லது கையால் கொஞ்சம் பீச்சிவிடலாம்: காம்பிலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அமத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து, விடவேண்டும். விரல் தோலில் வழுக்கி உரசக்கூடாது. கொடுப்பதற்குச் சற்றுமுன் இளஞ்சூட்டுத் துணி, கொடுத்த பிறகு 10, 15 நிமிடம் குளிர்ந்த துணி. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது வேண்டாம், வீக்கம் கூடும். முற்றாகப் பீச்சித் தீர்க்கவும் வேண்டாம். இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

ஒரு பக்கம் சிவந்து, சுட்டு, 38.5 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால் அது மார்பக அழற்சி. ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் டொக்டரிடம் காட்டவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம், விட்டால் சீழ்க்கட்டியாகலாம். அந்தப் பக்கப் பால் 'கெட்ட பால்' என்று நிறுத்துவது பெரிய பிழை. பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை; திடீரென நிறுத்தினால்தான் கட்டி வரும்.

சரி, உண்மையிலேயே பால் போதாது என்றால் எப்படி அறிவது? பீச்சிப் பார்த்து 20 மில்லிலீற்றர் வந்ததை வைத்து அறியமுடியாது, பிள்ளை எடுப்பது கையோ பம்போ எடுப்பதைவிடக் கூட. மார்பு இளகிவிட்டதை வைத்தும் அறியமுடியாது. நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்து ஆறு நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறும் அதற்கு மேலும். பம்பர்ஸ் கட்டினால் நனைந்தது தெரியாது. புதியது ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரம்தான் அளவு. மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கு வந்து, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக, நாளுக்கு மூன்று தடவையாவது போகவேண்டும். பிறகு தராசு. எல்லாப் பிள்ளையும் முதலில் கொஞ்சம் மெலியும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 200 கிராம் இறங்குவது பரவாயில்லை. 300 கிராம், அதாவது பத்து வீதம், இறங்கினால் அன்றே பாலூட்டலைச் சோதிக்கவேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த நிறை திரும்பவேண்டும். பிறகு நாளொன்றுக்கு 20, 30 கிராம் ஏறும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் "நா வறளுது, இரண்டு சொட்டுத் தண்ணி" என்ற கதை எழும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 வீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. வெக்கைக்கு அடிக்கடி கொடுத்தால் சரி. தேன் நாக்கில் தொட்டு வைப்பது ஒரு வயதுக்குள் ஆபத்து, அதிலிருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் குடலில் நஞ்சு உண்டாக்கும். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் தாயின் ஓமோன் செய்த வேலை அது. நசித்துப் பால் எடுக்காதீர்கள். மஞ்சள் நிறத்துக்குக் காலை வெயிலும் குளுக்கோஸ் தண்ணீரும் மருந்தில்லை. அடிக்கடி பாலூட்டி மலம் போனால்தான் மஞ்சள் இறங்கும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பிறகு கால்வரை பரவினாலோ வைத்தியசாலைதான்.

பத்தியத்தோடு எங்களுக்குச் சண்டையில்லை. உள்ளி, வெந்தயம், முருங்கை இலை, பால்சுறா எல்லாம் நல்ல சாப்பாடு. தாய்க்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும், மரக்கறி பழத்தை விலக்கி வெறும் சோறும் சரக்குக் கறியுமாக 31 நாளை ஓட்டுவதும்தான் பிழை. தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடத் தேவை. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா என்ற சத்துமா தாய்க்கு. வீட்டில் மற்றவர்களுக்குப் பங்கு போடுவதற்கில்லை.

சில தாய்மாருக்கு உண்மையாகவே பால் குறையும். பெரும் இரத்தப்போக்கு, உள்ளே தங்கிய நச்சுக்கொடித் துண்டு, தைரொயிட் கோளாறு, மார்பில் முன்பு செய்த சத்திரசிகிச்சை போன்றவை காரணமாகலாம். அப்போது முதலில் பீச்சிய தாய்ப்பால், அதுவும் போதாவிட்டால் வைத்திய ஆலோசனையுடன் பால்மா. அந்தத் தாயை யாரும் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனால் சூப்பிப் போத்தலை விட்டுச் சிறு கோப்பையில் கொடுங்கள்: பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் பட வைத்து, பிள்ளை தானே நக்கி எடுக்க விடவேண்டும், வாயில் ஊற்றக்கூடாது. விலை ஏறிவிட்டதென்று பால்மாவைத் தண்ணியாகக் கரைப்பது பிள்ளையைப் பட்டினி போடுவது. ரின்னில் உள்ள அளவை மாற்றாதீர்கள். மார்பையும் நாளொன்றுக்கு எட்டுத் தடவை இறைத்துக்கொண்டே இருந்தால் பலருக்குச் சுரப்பு திரும்பும். பீச்சிய பால் 25 பாகையில் நாலு மணித்தியாலம் இருக்கும். எங்கள் மத்தியான வெக்கைக்கு அந்தக் கணக்குச் சரிவராது, உடனே குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கம் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம்.

வீடு திரும்பிய அன்றே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது மிட்வைஃபுக்கு, அறிவியுங்கள். முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பது அவரது கடமை. தனியார் வைத்தியசாலையிலோ வேறு மாவட்டத்திலோ பிள்ளை பெற்றவர்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவராது. வந்தவரிடம் கிளினிக் கொப்பியை மட்டும் நீட்டாமல், அவர் முன்னிலையில் பாலூட்டிக் காட்டுங்கள். கூச்சம் பார்த்தால் பிடி திருந்தாது. பிள்ளை பாலுக்கு எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, உச்சிக்குழி அமிழ்ந்தாலோ, 38 பாகை காய்ச்சல் கண்டாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் சலம் செங்கல் நிறத்தில் போனாலோ அவருக்காகக் காத்திருக்கவேண்டாம். வாகன வசதி இல்லாத படுவான்கரை, வாகரைப் பக்கத்தவர்கள் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாய் இரண்டு வாரம் கழிந்தும் ஓயாமல் அழுதாலோ, பிள்ளையைத் தொட மனமில்லாமல் இருந்தாலோ அதையும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அது செய்வினை இல்லை, மருந்துள்ள நோய்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் சுகாதாரப் பக்கத்தின் ஒரு மூலையில் நனைந்த துணிக் கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு கட்டமாகப் போட்டு உதவுவீர்களா? வெட்டி எடுத்துத் தொட்டிலுக்கு மேலே ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய குடும்பநல உத்தியோகத்தர்கள் சிலர்,
மட்டக்களப்பு.