உள்ளூர்க் கோப்பைகளை வைத்து ஸ்டிமாக்கை எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையும் இந்திய கால்பந்து அணி கோட்டை விட்டதிலிருந்து, "இகோர் ஸ்டிமாக் இருந்தப்போ இப்படியா இருந்தோம்?" என்ற பேச்சு ரசிகர்களிடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. சரி, 2019 முதல் 2024 வரை அவர் பயிற்சியாளராக இருந்தபோது எப்படித்தான் இருந்தோம்?

2023 நல்ல வருடம், அதில் சந்தேகமே இல்லை. இம்பாலில் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூருவில் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை என்று மூன்று கோப்பைகள், ஃபிஃபா தரவரிசையில் 99-ஆவது இடம். அவற்றில் நாம் வீழ்த்திய லெபனானையும் குவைத்தையும் லேசான அணிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றுமே நம் ஊரில், நம் கூட்டத்துக்கு முன்னால் ஆடியவை. சாஃப் இறுதிப் போட்டி 1-1 டிராவாகி, பெனால்டியில் கோல்கீப்பர் குர்பிரீத் கடைசி ஷாட்டைத் தடுத்ததால்தான் கோப்பை கைக்கு வந்தது. அப்போது பயிற்சியாளர் ஸ்டிமாக் பெஞ்சிலேயே இல்லை! பாகிஸ்தான் ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே த்ரோ-இன் எடுக்க நின்ற வீரரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரெட் கார்டு, அடுத்து குவைத்துடன் இன்னொன்று. அரையிறுதியையும் இறுதியையும் உதவியாளர் மகேஷ் காவ்லிதான் பார்த்துக்கொண்டார். பாகிஸ்தானை 4-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் பயிற்சியாளர் ஏன் வெளியேற்றப்பட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் 2024 ஜனவரி, கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஆறு கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. 2019 ஆசியக் கோப்பையில் அவருக்கு முந்தைய பயிற்சியாளர் கான்ஸ்டன்டைனின் அணியும் குரூப்பைத் தாண்டவில்லைதான், ஆனால் தாய்லாந்தை 4-1 என்று அடித்துவிட்டாவது வந்தது. முகாமுக்கு நாள் போதவில்லை, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் வீரர்களை விடவில்லை என்று ஸ்டிமாக் புலம்பியது நியாயம்தான். கிளப்புகளில் ஒன்பதாம் நம்பர் இடத்தில், அதாவது கோல் அடிக்க வேண்டிய முன்கள இடத்தில், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் ஆடுவதால், 39 வயது கேப்டன் சுனில் சேத்ரியைத்தான் கோலுக்கு நம்ப வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் இதெல்லாம் 2019-இல் அவர் பொறுப்பேற்ற அன்றே தெரிந்த சங்கதிகள். ஐந்து வருடத்தில் சேத்ரிக்கு ஒரு மாற்று ஆள் தயாராகவில்லையே.

அவர் மீது எனக்குள்ள பெரிய குறை முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாதது. 2019-இல் அகமதாபாத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக 2-0 என்று இருந்து 2-4 என்று தோற்றோம். அதே வருடம் குவாஹாட்டியில் ஓமனுக்கு எதிராக எண்பது நிமிடம் தாண்டியும் முன்னிலை, முடிவில் 1-2. அதே குவாஹாட்டியில் 2024 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆப்கானிஸ்தான், அதுவும் முன்னணி வீரர்கள் பலர் தங்கள் சம்மேளனத்தைப் புறக்கணித்துவிட்டு வராத அணி. சேத்ரி தன் 150-ஆவது ஆட்டத்தில் பெனால்டி போட்டு முன்னிலை வாங்கிக் கொடுக்க, 70-ஆவது நிமிடத்தில் ஒன்று, 88-ஆவது நிமிடத்தில் ஒன்று வாங்கி மறுபடி 1-2. வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழியை உடைத்தால் ஒரு முறை விதி எனலாம், மூன்றாவது முறையும் எப்படிச் சொல்வது? அதே தகுதிச்சுற்றில் தோஹாவில் கத்தாருடன் நடந்த கடைசி ஆட்டத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு இழுத்து அடித்த கோலை நடுவர் கொடுத்தார், வீடியோ பார்த்துச் சரிசெய்யும் விஏஆரும் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானை ஜெயித்திருந்தால் அந்த ஆட்டத்தை நம்பியே இருந்திருக்க வேண்டாம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிய சாம்பியன் கத்தாரை, 2019 செப்டம்பரில், அதுவும் சேத்ரி இல்லாமல், தோஹாவிலேயே 0-0 என்று நிறுத்தியது அவருடைய அணிதான். 2023 நவம்பரில் குவைத்துக்கே போய் மன்வீர் சிங் கோலில் 1-0 என்று ஜெயித்ததை மூன்று கோப்பைகளுக்கும் மேலாக வைப்பேன். அந்த மாதிரி ஆட்டம் ஐந்து வருடத்தில் விரல் விட்டு எண்ணுமளவுதான் என்பதே பிரச்சினை.

இதில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆசியக் கோப்பைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, 2023 அக்டோபரில், 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். பரீட்சைக்கு முன்பே மார்க் போட்டுவிட்டு, 2024 ஜூனில் நீக்கி, இழப்பீடும் கொடுத்தார்கள். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸை எஃப்சி கோவா கிளப்புக்கும் தேசிய அணிக்கும் ஒரே நேரத்தில் பயிற்சியாளராக்கியது தனிக் கூத்து. இனி யாரோடு ஒப்பந்தம் போட்டாலும், வெளிநாட்டு மண்ணில் எத்தனை புள்ளி எடுக்க வேண்டும், எந்தத் தொடர் முடிந்த பிறகு நீட்டிப்பு பற்றிப் பேசுவார்கள் என்பதைச் சம்மேளனம் வெளிப்படையாக அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்