ஒரு மணி நாற்பது நிமிடம் விற்றவர்களுக்கு

மதிப்புக்குரிய டிக்கெட் விற்பனை இணையதளத்தாருக்கு,

வணக்கம். என் தம்பியின் குவைத் - சென்னை - மதுரைப் பயணத்தில் மதுரை விமானம் தவறியது பற்றி நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. பயணி உரிய நேரத்தில் கவுன்டருக்கு வரவில்லை, ஆகவே இரண்டாவது டிக்கெட்டின் பணம் திரும்பக் கிடையாது என்று இரண்டே வரி. புகார் எண், டிக்கெட் நகல் எல்லாம் உங்களிடமே இருப்பதால் கதையை மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. அவன் ஏன் வர முடியவில்லை என்று மட்டும் உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்க இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே உள்நாட்டு விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால், நடுவில் மூன்று மணி நேரமாவது இல்லாத பயணத்தை விற்காதீர்கள்.

நீங்கள் விற்றது ஒரு மணி நாற்பது நிமிடம். மதுரை விமானத்துக்குப் பை போடும் கவுன்டர், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மிச்சம் நாற்பது நிமிடம். குவைத் விமானம் சொன்ன நிமிடத்தில் வந்து நின்றாலும், அந்த நாற்பதுக்குள் அவன் இறங்க வேண்டும், பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும், பெல்ட்டில் பை வரக் காத்திருக்க வேண்டும், சுங்கம் தாண்ட வேண்டும், வெளியே வந்து உள்நாட்டு முனையத்துக்குத் தள்ளுவண்டியை உருட்ட வேண்டும், அந்த வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படைக்காரரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும், அப்புறம் கவுன்டர் வரிசை. விமானம் அன்று தாமதம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சரியான நேரத்துக்கு வந்தும் தவறுகிற மாதிரிதான் அந்தப் பயணமே அமைந்திருந்தது.

குடிநுழைவு வரிசை ஓரளவுக்கு நகர்ந்துவிட்டது. அவனைக் கொன்றது பெல்ட். துணிப்பை முதலில் வந்துவிட்டது. வரவேண்டியது நீல நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் பேர், ஊர், போன் நம்பர் எழுதியிருப்பான், வளைகுடாப் பெட்டி எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். உள்ளே என் மகளின் காதுகுத்துக்கு வாங்கிய பட்டுப்பாவாடை, சீர்த்தட்டில் வைக்கச் சாமான்கள். அதை விட்டுவிட்டு எப்படி ஓடுவான்? பெல்ட்டில் அதே நான்கு பெட்டிகள் சுற்றிச் சுற்றி வருவதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டே நின்றான். பெட்டி வந்து, உள்நாட்டுக் கவுன்டருக்கு அவன் போனபோது மதுரை விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. கவுன்டர் மூடியாயிற்று என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் விதி.

அதுதான் அன்றைக்கு மதுரைக்குக் கடைசி விமானம். கிளாம்பாக்கம் போய்க் கிடைத்த அரசுப் பேருந்தில் பெட்டியோடு ஏறினான். மாட்டுத்தாவணியில் இறங்கி உசிலம்பட்டி வந்து சேரும்போது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். முகூர்த்தம் தாண்டப் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, என் சித்தி மகன் உட்கார்ந்தான். அவனும் மாமன் முறைதான், குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு காலைக்காகத்தான் என் தம்பி சம்பளப் பிடித்தத்தோடு விடுப்பு வாங்கி வந்தான்.

ஒரு மணி நாற்பது நிமிடம் எல்லா ஊரிலும் குறைவு என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் மாறி இன்னொரு நாட்டுக்குப் போகிறவர், ஒரே டிக்கெட்டில் வந்திருந்தால், குடிநுழைவுப் பக்கமே போக வேண்டாம்; பையும் தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். அவர் அந்த நேரத்தில் காபியும் குடிக்கலாம். இங்கே உள்நாட்டுக்கு மாறுகிறவர் முதலில் இறங்கும் ஊரிலேயே பையை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் வைத்திருக்கிறார்கள், பன்னாட்டிலிருந்து உள்நாட்டுக்கு மாறத் தனிக் கணக்கு. விமான நிறுவனம் ஒரே டிக்கெட்டாக விற்றால் அதற்குக் கீழே போகாது. முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவதும் அதன் பொறுப்பு. நீங்கள் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி, ஒரே பயணம் போலக் காட்டி, ஒரே தடவையில் பணம் வாங்கினீர்கள். தவறியதும், அது பயணியின் சொந்தப் பொறுப்பு என்று மூன்றாம் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுகிறீர்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. குவைத் டிக்கெட்டில் அவனுக்கு 30 கிலோ, மதுரை டிக்கெட்டில் 15. விமானத்தைப் பிடித்திருந்தாலும் மிச்சக் கிலோவுக்குத் தண்டம் கட்டியிருப்பான்.

பதிவு செய்தால் குடிநுழைவை வேகமாகத் தாண்டும் தானியங்கி வாசல் இருக்கிறதே என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். உண்மைதான், 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது. பெட்டி அந்த வாசல் வழியாக வருவதில்லை, ஐயா.

உங்கள் பக்கத்தில் அக்கறைக்குப் பஞ்சமே இல்லை. இன்னும் 2 சீட்தான் என்று சிவப்பில் பதறுகிறீர்கள், ஜன்னல் சீட் வேண்டுமா, சாண்ட்விச் வேண்டுமா, காப்பீடு வேண்டாமா, உண்மையிலேயே வேண்டாமா என்று விடாமல் கேட்கிறீர்கள். சென்னையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேறு முனையத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் இடம் போதவில்லை. வெளிநாட்டில் கட்டடத்தில் நின்று சம்பாதிக்கிறவன், ஷிப்ட் முடிந்து ராத்திரி அறையில் படுத்தபடி போனில் டிக்கெட் போடுகிறான். குவைத்திலிருந்து மதுரைக்கு நேர் விமானமும் இல்லை. உங்களை நம்பாமல் அவன் யாரை நம்புவான்?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இந்த மாதிரிப் பயணங்களைத் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, இது இரண்டு தனி டிக்கெட், பையை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், கவுன்டர் இத்தனை மணிக்கு மூடும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தமிழிலும் போடுங்கள். மதுரை டிக்கெட்டின் பணத்தைத் தம்பியின் கணக்குக்கே திருப்பி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எண் முந்தைய மின்னஞ்சலில் இருக்கிறது.

இப்படிக்கு,
உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் அக்கா