பிள்ளைகளின் திடலைத் திருப்பிக் கொடுங்கள்: கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை ஊர்களில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபைக்குக் கூடும் பெரியவர்களுக்கு வணக்கம்.

சாலை, குடிநீர், வாய்க்கால் தூர்வாருதல் என்று உங்களுக்குப் பேச நிறைய இருக்கும். பிள்ளைகள் கையிலிருக்கும் செல்போனைப் பற்றியும் இந்த முறை பேசுங்கள்.

இந்தப் பேச்சு எப்போதும் பெற்றவளைத் திட்டுவதோடு முடிந்துவிடுகிறது. விடிவதற்கு முன்பே நடவுக்குக் கிளம்புகிறவள் கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுப் போகிறாள். முட்டிவலியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத அந்தம்மா, சோறூட்ட யூடியூபைப் போட்டுவிடுகிறார். இதில் யாரைக் குறை சொல்வது?

ஆனால் இழப்பு பிள்ளைக்குத்தான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். எதிரே இருப்பவர் பதில் சொல்லச் சொல்லத்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும். ‘காக்கா பாரு’ என்றால் பிள்ளை கை நீட்டி ஏதோ சொல்லும், நாம் மறுபடி பேசுவோம். திரை யாருக்கும் காத்திராமல் பேசிக்கொண்டே போகும்.

பெரிய பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவைத்தார்கள். ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கிட்டப்பார்வை வரும் அளவுக்கு விழி நீண்டுவிடாமல் தடுக்கிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம்.

வெளிச்சத்துக்கு நம் ஊரில் என்ன குறை? இடம்தான் இல்லை. சம்பா அறுவடை வந்தால் பல ஊர்களில் திடல் முழுக்கக் கொள்முதல் நிலையத்து நெல் மூட்டைகள். மற்ற மாதங்களில் சீமைக்கருவேலம். பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் பூட்டு. ஆற்றுக்கு அனுப்பலாம் என்றால் மணல் அள்ளிய பள்ளங்கள்; எந்தத் தாய் துணிவாள்? அப்புறம் பிள்ளை வீட்டுக்குள் செல்போனோடு உட்காராமல் என்ன செய்யும்?

நெல்லும் நமக்கு உயிர்தான். அதற்கு வேறு புறம்போக்கு நிலத்தைக் காட்டுங்கள். பள்ளி மைதானத்தை மாலை ஆறு மணிவரை திறந்துவைத்து, பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள். நடவு மாதங்களில் அங்கன்வாடியைச் சீக்கிரமே திறக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

இவற்றைத் தீர்மானமாகவே பதிவேட்டில் ஏற்றுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் தை மாதம் மூட்டைகள் மறுபடியும் திடலுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துத் தாய் ஒருத்தி