மொட்டை மாடியை முதலில் கவனி

திருச்சி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் வீட்டு வரைபடமும் கிடைத்தன. மூன்று படுக்கையறைகளுக்கும் ஏசி, அந்த மின்கட்டணத்தை ஈடுகட்ட மாடி நிறைய சோலார் பலகைகள் என்று எழுதியிருக்கிறாய். வீடு கட்டத் தொடங்கியபோது நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். வீட்டுக்குள் சூடு இறங்காமல் தடுப்பதுதான் முதல் வேலை என்பது பிறகுதான் புரிந்தது.

நம் ஊர்ப் பக்கம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், சுவர்களைவிட மொட்டை மாடித் தளம்தான் வெயிலை அதிகம் வாங்குகிறது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவில் நம் தலைமேல் இறக்குகிறது. வீடுகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பின்படி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. வெறும் தளத்தில் அது 3 வாட்டைத் தாண்டும். ஆகவே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின் மேல் சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகையான எக்ஸ்பிஎஸ்ஸை இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பி, அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தேன். சென்ற மே மாதம் இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறி உட்கூரையைத் தொட்டுப் பார்த்தேன். பழைய வீட்டில் அந்நேரம் தோசைக்கல்லாய் இருக்கும், இங்கே கையை எடுக்கத் தோன்றவில்லை.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம் விடுவதால் செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகிறது, உள்ளே நிற்கும் காற்றும் சூட்டைத் தடுக்கிறது. ஆனால் முதல் நாளே எங்கள் கொத்தனார், "பொள்ளலா இருந்தா சுவர் நிக்குமா சார்?" என்று கேட்டபடி அத்தனை பொந்தையும் கலவையால் அடைத்துவிட்டார். இரண்டு வரிசையைப் பிரித்துவிட்டு, வெற்றிடத்தின் மேல் ஒரு ரீப்பர் மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு கலவை போடச் சொன்ன பிறகுதான் வேலை சரியாக வந்தது.

மின்விசிறிகள் எல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் வகை. பழையவை 75 வாட் இழுத்த இடத்தில் இவை 30-க்குள் முடித்துக்கொள்கின்றன. ஏசியை நான் துறந்துவிடவில்லை, ஓர் அறையில் ஒரு டன் போதுமானதாக இருக்கிறது.

உன் வரைபடத்தில் உறுத்துவது மேற்குப் படுக்கையறையின் ஆறடிக் கண்ணாடி ஜன்னல். பிற்பகல் வெயில் சாய்ந்து நுழையும், எந்தச் சன்ஷேடும் அதை முழுதாக மறைக்காது. அந்தப் பக்கம் மாடிப்படியையும் குளியலறையையும் தள்ளிவிட முடியுமா என்று பொறியாளரிடம் இந்த வாரமே கேள். அஸ்திவாரம் தோண்டிவிட்டால் அறைகளை இடம் மாற்ற முடியாது.

உன் பழைய நண்பன்